முதல் இதழ், பின்னட்டை

நூற்றியிருபது பிரதி.
சீமெந்துப் பையைக் கிழித்துச் சுற்றி
நைலோன் கயிற்றால் இறுக்கி
ஐஸ்பெட்டிக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில்
எழுவைதீவில் வந்து இறங்கியது எங்கள் 'அணியம்'.
மேலிருந்த ஏழெட்டு
உப்புத்தண்ணி குடித்து வீங்கிக் கிடந்தன.
அவற்றை ஆசிரியர் குழுவுக்கென்று ஒதுக்கினோம்.

குழு என்றால் மூன்று பேர்.
சங்கக்கடையில் கணக்கெழுதும் நான்,
ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் ஸ்ரெலா,
ஒரு பக்கம் கொடுத்தால்
நாலு பக்கக் கவிதையோடு வரும் குகதாசன்.
பெயருக்கே மூன்று மாதம் போனது.
குகதாசன் 'பேரலை' என்றான்.
அந்தச் சொல்லை அட்டையில் போட்டால்
கரையோரத்தில் ஒரு வீட்டிலும் வாங்காயினம்
என்றாள் ஸ்ரெலா. பிறகு கொஞ்சநேரம்
மூன்று பேரும் கதைக்கவில்லை.
கடைசியில் வள்ளத்தின் முன்பக்கத்தை எடுத்துக்கொண்டோம்.
அணியம்: முதலில் நனைகிற இடம்.

வெளியீடு, ஞாயிறு பூசை முடிந்து,
மீன் நிறுக்கிற கொட்டகையில்.
தராசைக் கழற்றினோம்; கொழுக்கி மட்டும்
பேச்சாளர் தலைக்குமேல் தொங்கியது.
பட்டணத்திலிருந்து வர இருந்த தலைவர்
கச்சான் எழும்பிவிட்டதென்று
ஊர்காவற்துறையிலேயே நின்று போன் எடுத்தார்.
வாழ்த்துரையை ஸ்பீக்கரில் போட்டோம்.
ஆறு நிமிடம் காற்றுத்தான் பேசியது.
கைதட்டினோம்.

முதற்பிரதி வாங்க
உறையோடு எழும்புகிற ஆட்கள்
இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார்கள்.
நான் முழித்துக்கொண்டு நிற்க
எழும்பி வந்தான் கிறேசியன், போட் எஞ்சின்காரன்.
"கட்டுக்கூலி நானூறு இன்னும் தரேல்லை.
அந்தக் கணக்கிலை ஒண்டைத் தாங்கோ."
எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்து
இரண்டு கையாலும் வாங்கினான்.
படத்தில் அவன் கண் மூடியிருக்கிறது.

பாதி காசுக்குப் போனது. மீதி கடனுக்கு.
என் கொப்பியில்
சீனி அரைக்கிலோ, தீப்பெட்டி இரண்டு, புத்தகம் ஒன்று.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
மண்ணெண்ணெய்க்கு வந்தவர்கள்
மண்ணெண்ணெயைப் பற்றியே கதைத்தார்கள்.
அப்பத்தட்டை மூடியிருந்த தாளில்
குகதாசனின் கவிதையைக் கண்டிருக்கிறாள் ஸ்ரெலா.
இரண்டு நாள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

முதலாந் திகதி போட்டின் நேரம் மாறியது.
விளம்பரம் கிடைக்காத பின்னட்டையில்
அந்தப் புதிய நேரத்தைத்தான் போட்டிருந்தோம்.
ஆறரை என்று எழுதிக் கொடுத்தேன்.
அச்சகத்தில் ஏழரை ஆக்கினார்கள்.
புரூவ் பார்த்தது நான். ஏழரையை வேறெங்கும் தேட வேண்டாம்.

ஏழேகாலுக்குக் கடை திறக்கப் போகிறேன்,
இறங்குதுறையில் சனம்.
கடலில் போட் ஒரு வெள்ளைப் புள்ளி.
கிளினிக் கொப்பியோடு வயிற்றுப்பிள்ளைக்காரி,
வங்கிக்குப் போகவென்று தலைவாரிய பெனடிக்ற்,
கால் கட்டின இரண்டு சேவல்.
பத்தொன்பது பேர். ஒவ்வொரு கையிலும்
சுருட்டிய பின்னட்டை.
"எனக்கு வாசிக்கத் தெரியாது, வேண்டாம்" என்ற
மரியநாயகமும் நிற்கிறார். யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பேச்சு விழுந்தது. நேரத்தில் தொடங்கி
பக்கம் பக்கமாகப் போனது.
"எங்கடை கிணறு நல்லதண்ணி எண்டு ஆர் சொன்னது? சவர்."
"என்ரை பிள்ளை அஞ்சாம் வகுப்பு. நாலெண்டு போட்டிருக்கிறியள்."
"அந்தக் கவிதை, மூண்டுதரம் வாசிச்சன்,
விளங்கேல்லை."
பின்னால் நின்ற குகதாசன்
"மூண்டுதரமோ?" என்றான்.

பெனடிக்ற் தன் பிரதியை நீட்டினார்.
"இதைத் திருத்தித் தா. இனியும் இதைத்தானே பாக்கப்போறன்."
காதில் செருகியிருந்த பேனையை எடுத்தேன்.
அவர் கொடுக்க, மற்றவர்களும் வரிசையானார்கள்.
மரியநாயகம் சற்றுத் தள்ளி நின்று
"எனக்குப் பெரிசா எழுது" என்றார்.

வெளியீடுகளில் ஆசிரியர்கள்
கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்களாம்.
நான் போட்டது
பத்தொன்பது தரம், ஆறரை.
சேவலொன்று அவிழ்ந்து ஓடியது. பிடிக்க ஓடினோம்.